ஃபோமட் அடிக்கக் கொடுக்க முன்னர்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய கம்பியூட்டர், லெப்டொப் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் கம்பியூட்டருக்கு நாம் வைத்திருப்பது ஒரே ஒரு மருந்துதான். மெஷின் ஸ்லோவா? ஃபோமட் அடி. 'விர்ச்சுவல் மெமரி போதாது' என்று மெசேஜ் வருகிறதா? ஃபோமட் அடி. நீலத் திரை வருகிறதா? அதற்கும் அதுதான். காய்ச்சல் என்று போனவனுக்கு என்ன காய்ச்சல் என்று பார்க்காமலே ஒப்பரேஷன் செய்வது போன்றது இது.

போன மாதம் என்னிடம் கணிதம் படிக்கும் ஒரு பிள்ளையின் வாப்பா ஒரு லெப்டொப்பைக் கொண்டுவந்தார். ஏற்கனவே ஒரு கடையில் கொடுத்து ஃபோமட் அடித்தாகிவிட்டது. இரண்டு கிழமைதான், பழையபடி அதே மெசேஜ். ஆனால் பிள்ளையின் உயர்தர நோட்ஸ், மௌத்தாகிப்போன உம்மம்மாவின் கடைசிப் பெருநாள் போட்டோக்கள் எல்லாம் போய்விட்டன. நோயும் தீரவில்லை, பொருளும் போய்விட்டது. உண்மையில் அந்த மெஷினின் ஹாட் டிஸ்க்தான் செத்துக்கொண்டிருந்தது.

விர்ச்சுவல் மெமரி என்றால் என்ன? உயர்தர ஐசிடி பாடத்தில் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். நமக்கு இப்படிச் சொன்னால் விளங்கும். பெருநாள் சீசனில் கல்முனை பஸாரில் ஒரு புடவைக் கடை. முன்னால் இருக்கும் மேசைதான் ரேம். மாடியில் இருக்கும் களஞ்சியம் ஹாட் டிஸ்க். மேசை நிரம்பிவிட்டால், யாரும் இப்போது பார்க்காத துணிகளை மடித்து மாடியில் ஒரு மூலையில் வைத்துவிட்டு, கேட்கும்போது ஓடிப்போய் எடுத்து வருவார்கள். அந்த மூலைக்குத்தான் விண்டோஸில் பேஜ் ஃபைல் என்று பெயர். கூட்டம் கூடக்கூட சேல்ஸ்மன் படியேறி இறங்குவதிலேயே நேரம் போய்விடும், வியாபாரம் நடக்காது. உங்கள் மெஷின் 'ஹேங்' ஆகி, சிவப்பு லைட் விடாமல் எரிவது இந்த ஓட்டம்தான். ரேமில் ஒரு தகவலை எடுக்க ஒரு செக்கனில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் ஹாட் டிஸ்க்கில் நூறில் ஒரு பங்கு தேவை. ஏறத்தாழ ஒரு இலட்சம் மடங்கு வித்தியாசம்.

இப்போது, அந்த மாடிப்படியே உடைந்திருந்தால்? ரேம் குறைந்த மெஷின் ஓயாமல் ஹாட் டிஸ்க்கிடம் போகிறது. அந்த டிஸ்க்கில் பழுதான இடங்கள் இருந்தால் ஒவ்வொரு தடவையும் தடுமாறுகிறது. நாம் பார்ப்பது மெமரிக் கோளாறு, உள்ளே இருப்பது டிஸ்க் கோளாறு. நீலத் திரையில் 'கேர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' என்று வந்தால், பேஜ் ஃபைலில் வைத்ததைத் திருப்பி வாசிக்க முடியவில்லை என்று விண்டோஸே ஒப்புக்கொள்கிறது. ரேம், கேபிள் காரணமாகவும் அது வரலாம். ஆனாலும் முதலில் டிஸ்க்கைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிய எஞ்சினியர் தேவையில்லை. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். மெமரி 90 வீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் 100 இல் நின்றால் ரேம் போதாது. மெமரி பாதி காலியாக இருந்தும் டிஸ்க் மட்டும் 100 இல் நின்று, வேகம் சில கிலோபைட் என்று நொண்டினால் டிஸ்க்கில் பிழை. ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 51 இலக்கம் திரும்பத் திரும்ப வந்தாலும் அதே கதைதான். 7 என்றால் பழுதான இடம். 51 என்றால் பேஜிங் செய்யும்போது வந்த பிழை. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சொப்ட்வெயர் மஞ்சளோ சிவப்போ காட்டினால் வேறு சாட்சி தேவையில்லை. நீலம் காட்டினாலும் முழுதாக நம்பிவிடாதீர்கள்.

சி டிரைவ் நிரம்பி வழிந்தாலும் அந்த மெமரி மெசேஜ் வரும், ஏனென்றால் பேஜ் ஃபைல் பெருக்க இடமில்லை. கல்யாண வீடியோக்களை வேறு இடத்துக்கு மாற்றினாலே சரியாகிவிடும். யூடியூப் பார்த்து பேஜ் ஃபைலை நிறுத்திவிடாதீர்கள், அளவை விண்டோஸிடமே விட்டுவிடுங்கள். (ரேமைக் கழற்றி அழிறப்பரால் துடைக்கும் நம்மூர் வைத்தியத்தை நான் கேலி செய்யமாட்டேன். கடற்காற்றின் உப்பு பித்தளையையே விடாது, சில நேரம் அது வேலை செய்கிறது.)

டிஸ்க் சந்தேகம் என்றால் முதல் வேலை கொப்பி எடுப்பது. பிறகுதான் செக் டிஸ்க், பிறகுதான் ஃபோமட். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் முழு ஸ்கேன் ஓடவிட்டால், இருக்கும் கொஞ்ச உயிரும் அதிலேயே போய்விடலாம்.

கடைக்காரத் தம்பிமாரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பழுதான டிஸ்க்கிலிருந்து ஒரு குடும்பத்தின் டேட்டாவை மீட்க ஒரு முழு இரவு போகும். ஃபோமட்டுக்குக் காசு கொடுக்கும் நாம், கொப்பிக்குக் கேட்டால் "அதுக்கும் காசா?" என்கிறோம். அந்தக் கூலியை மனமுவந்து கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கடைக்காரரும் ஃபோமட் அடிக்க முன்னர் "டேட்டா வேணுமா?" என்று வாயால் கேட்டு, பில்லில் எழுதி, கையெழுத்து வாங்கட்டும். அதற்கு ஒரு நிமிடம் போதும்.

நம் வீடுகளில் இருப்பவற்றில் பல, கொரோனா காலத்தில் ஒன்லைன் வகுப்புக்காக வாங்கிய செகண்ட் ஹேண்ட் மெஷின்கள். 2022 இல் 13 மணிநேரம் வரை கரண்ட் போன நாட்களையும் தாண்டி வந்தவை. எழுதிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கரண்ட் போவது டிஸ்க்குக்கு நல்லதல்ல. அதே வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ஐத் தாண்டியதில் புதிது வாங்கும் எண்ணத்தையே பலர் கைவிட்டார்கள். ஆனால் லெப்டொப்பையே மாற்றத் தேவையில்லை. ஹாட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டால் பெரும்பாலான பழைய மெஷின்கள் எழுந்து நடக்கும். கையில் காசு கொஞ்சம்தான் என்றால் ரேமுக்கு முன்னர் எஸ்எஸ்டி வாங்குங்கள் என்பேன்.

எடுத்த கொப்பியை எங்கே வைப்பது? அதே அலுமாரியில் அல்ல. 2004 டிசம்பர் 26 இல் இலங்கையிலேயே கூடுதல் உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீடுகளில் உறுதியும், அதன் போட்டோ கொப்பியும், கல்யாண அல்பமும் ஒரே பெட்டியில் இருந்து ஒன்றாகவே போயின. கொப்பி இருந்தும் பயனில்லை. ஒன்று வீட்டில், ஒன்று கண்டியிலோ கொழும்பிலோ இருக்கும் மச்சான் வீட்டில், முடிந்தால் ஒன்று கூகுள் டிரைவில். ஜனாஸா சங்கக் கணக்கு, பள்ளிவாசல் பதிவு என்று ஒரே கம்பியூட்டரில் வைத்திருக்கும் செயலாளர்மாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

டாஸ்க் மனேஜரில் வருவது விளங்காவிட்டால் போட்டோ எடுத்து இன்பொக்ஸில் போடுங்கள், வெள்ளி இரவு பார்த்துப் பதில் தருகிறேன். ஹாட் டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் போட்டோ எடுப்பதற்காகக்கூட மெஷினைப் போடவேண்டாம். ஓஃப் பண்ணி, அப்படியே வையுங்கள்.