துவாலு: மண் கொட்டும் முன் போட்ட கணக்கு

முழங்கால் அளவு கடல் நீரில் கோட் சூட்டோடு நின்று ஓர் அமைச்சர் பேசினாரே, 2021-ல் வைரலான அந்த வீடியோ ஞாபகம் இருக்கிறதா? அவர் துவாலு நாட்டின் சைமன் கோஃபே. அந்தப் பேச்சைவிட முக்கியமான வேலை ஒன்று, இரண்டு வருடம் முன்பே அங்கே சத்தமில்லாமல் நடந்திருந்தது.

பசிபிக் கடலில் ஒன்பது குட்டித் தீவுகள். மொத்தமே சுமார் 11,000 பேர். நிலத்தின் சராசரி உயரம் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர்தான். இங்கே அரை மீட்டர் கணக்கு தப்பினால் போதும், கட்டிய கட்டடம் தண்ணீரில் நிற்கும். அதனால் 2019-ல் விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சும் ‘லைடார்’ முறையில் ஒன்பது தீவுகளையும், அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த கடலடியையும் அளந்தார்கள். எவ்வளவு பெரிய அலை வந்தால் எந்த இடம் மூழ்கும் என்று அதன் பிறகுதான் ஒழுங்காகச் சொல்ல முடிந்தது.

தலைநகர் ஃபுனாஃபுட்டியில் கடலோரமாக மண் கொட்டி, சுமார் 780 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலத்துக்குப் புது நிலம் உருவாக்கியிருக்கிறார்கள். 2100-ஐத் தாண்டியும் கடல் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த உயரம் அது.

இதில் ஒரு ஆச்சரியமும் உண்டு. 1971 முதல் 2014 வரை எடுத்த படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு, துவாலுவின் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவிகிதம் கூடியிருக்கிறது என்றது! பவளத் துண்டுகளையும் மணலையும் அலைகளே கொண்டுவந்து கரை சேர்க்கின்றன. ‘அப்புறம் என்ன பயம்?’ என்று கேட்கத் தோன்றும். பரப்பு கூடினாலும் உப்புத் தண்ணீர் உள்ளே வருவது நிற்காதே. சேம்பு மாதிரி குழிகளில் வளர்க்கும் ‘புலகா’ கிழங்கு அதனால்தான் கெட்டுப்போகிறது. 30 வருடத்தில் அங்கே கடல் மட்டம் 15 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்கிறது நாசா.

இதற்கிடையே, வருடத்துக்கு 280 பேர் குடியேறலாம் என்று ஆஸ்திரேலியா ஒப்பந்தம் போட்டது. 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தினரையும் சேர்த்து 8,000-க்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். விசா கிடைத்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் ஊருக்கு வந்து போகலாம். ஆனால், 2050-க்குப் பள்ளிக்கூடமும் தண்ணீர்த் தொட்டியும் திட்டமிடுகிறவர்களுக்குக் கடல் மட்டத்தோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துவிட்டது: அப்போது ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்?