மழையை அளக்கும் பிள்ளைகள்

"படிப்பிக்காமல் பிள்ளைகளை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்" என்று தாய்மார் குறைப்படுவதை அடிக்கடி கேட்கிறேன். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களோடு வேலை செய்பவள் நான். வடக்கு, கிழக்கில் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு இன்னொரு பயமும் உண்டு. மிதிவெடிக் காலத்தில் "பாதையை விட்டு இறங்காதே" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தீர்கள். அந்தச் சொல் பல உயிர்களைக் காத்தது.

வெளியே கற்பது புதிய யோசனை அல்ல. 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று ஒரு பாடமே வைக்கப்பட்டது. விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை மூன்றும் சேர்ந்ததே கற்றல் என்றார்கள். பல இடங்களில் மேசை வேலைதான் மிஞ்சியது. இதற்கு ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. அவரும் வாங்கில் இருந்தே படித்தவர். நாற்பது பிள்ளைகளை வெளியே கொண்டுபோய், படிப்பித்து, பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வருவது எப்படி என்று அவருக்கு யாரும் செய்து காட்டவில்லை.

ஆகவே ஆசிரியர் பயிற்சியும் வெளியேதான் நடக்க வேண்டும். ஆசிரியர்களே முதலில் பிள்ளைகளாக நடந்து பார்க்க வேண்டும். அவர்கள் பழக வேண்டியவை நான்கு. முதல் நாளே போய் இடத்தைப் பார்த்தல். எல்லையைக் காட்டி, இருவர் இருவராகச் சேர்த்து, எண்ணிக் கூட்டிப் போதல். ஒரே ஒரு கேள்வியோடு போதல். திரும்பி வந்து, பார்த்ததை வரைந்து, எழுதி, கணக்காக்குதல். கடைசி வேலை நடக்காவிட்டால் அது வெறும் உலாத்தல்தான்.

எங்கள் மலையில் அந்தக் கேள்வி "நேற்று எவ்வளவு மழை?" என்பதாக இருக்கலாம். அடியில் இருந்து வாய்வரை ஒரே அகலமான, தட்டையான அடியுள்ள பாத்திரமும் ஓர் அடிமட்டமும் போதும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம். மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு இது. நிலத்தில் வெடிப்பு, சரிந்து நிற்கும் மரம், புதிதாகக் கசியும் கலங்கல் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் கிட்டப் போகாமல் உடனே பெரியவர்களிடம் சொல்லவும் பிள்ளைகள் பழகுகிறார்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. போக வேறு வீடில்லாத மக்களுக்கு அந்த எச்சரிக்கை மட்டும் போதவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின. பிள்ளை அளக்கும் மழை வீடு கட்டித் தராது. ஆனால், பொழுது படுமுன்பே புறப்படுவோம் என்று வீட்டில் சொல்ல அவளுக்கு ஒரு காரணம் தரும்.

உங்கள் ஊரில் கேள்வி வேறாக இருக்கும். வேலியில் கிளுவை எத்தனை, பூவரசு எத்தனை? மாரி முடிந்ததும் எந்தச் செடி முதலில் வாடுகிறது? இதற்குப் பாடசாலை வளவே போதும். சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்ட இடம் ஒருநாளும் வகுப்பறையாகாது. 1977இலும் 1983இலும் கலவரங்களுக்குத் தப்பி எங்கள் மலைகளில் இருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் உங்களிடையே உண்டு. அந்த வீட்டுப் பாட்டிமாருக்கு இரண்டு மண்ணும் தெரியும். ஒரு நாள் அவர்களையும் அழைத்துப் பிள்ளைகளோடு பேச வையுங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். போகும் இடத்தை முன்பே போய்ப் பார்த்தீர்களா? திரும்பி வந்து பிள்ளைகள் என்ன எழுதினார்கள்? இரண்டுக்கும் பதில் சொல்லும் ஆசிரியரை நம்பிப் பிள்ளையை அனுப்பலாம்.