பெயருள்ள ஏழை

இயேசு தம் உவமைகளுக்கெனப் படைத்த மாந்தரில் பெயர் பெற்றவன் ஒருவனே. லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில், செல்வனின் வாசலில் புண்களோடு கிடக்கும் லாசரு. செல்வனுக்குப் பெயரில்லை. தருமம் செய்யாதவன் தண்டனை பெற்ற கதையாகவே இதை நாம் பெரும்பாலும் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் அவன் லாசருவை அடித்ததாகவோ விரட்டியதாகவோ கதையில் ஒரு சொல்லும் இல்லை. அதைவிட உறுத்துவது, பாதாளத்தில் வேதனைப்படும்போது லாசருவின் பெயரைச் சொல்லியே உதவி கேட்கிறான் என்பது. ஆக, வாசலில் கிடந்தவன் யாரென்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. அப்போதும் அவன் கண்ணுக்கு லாசரு, தண்ணீர் கொண்டுவரவும் சேதி சொல்லவும் உதவும் ஏவலாள் மட்டுமே.

வட்டக்கானலை நினைக்கும்போதெல்லாம் இந்த உவமை நம் நினைவுக்கு வருகிறது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர்கள் வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சி மலையேறிப் பங்களாக்கள் கட்டியதிலிருந்து வளர்ந்த ஊர் கொடைக்கானல். அவ்வூரின் பெயர்களைக் கவனியுங்கள்: கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா. வட்டக்கானலுக்கு அருகே விழும் பாம்பார் அருவிக்குக்கூட, அங்கே படமாக்கப்பட்ட சோப்பு விளம்பரத்தால், 'லிரில் அருவி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் சோப்பு இந்துஸ்தான் லீவருடையது.

பாம்பார் சோலைக்கு மேலே இருந்த வெப்பமானி ஆலையும் பின்னாளில் அதே நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1980களில் பாண்ட்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த ஆலை அது. 2001இல் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தது வெளிப்பட்டு, ஆலை மூடப்பட்டது. தம் நோய்களுக்குப் பாதரசமே காரணம் என்றனர் தொழிலாளர், நிறுவனம் மறுத்தது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்ற வழக்கு, 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருடன் ஏற்பட்ட உடன்பாட்டில் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் சோபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாடல் ஒன்றுதான் நாட்டின் பெரும்பகுதியை இப்பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது.

உடன்பாட்டுத் தொகை மனிதாபிமான அடிப்படையில் வழங்கப்படுவதாக நிறுவனம் சொன்னது. வாசலில் கிடப்பவனுக்கு மேசையின் துணுக்குகளைக் கொடுப்பதும் மனிதாபிமானமே. அவன் அங்கே எப்படி வந்து கிடந்தான் என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடுவதில்லை. உவமையில் ஏழைக்குப் பெயருண்டு, செல்வனுக்கு இல்லை. இம்மலையிலோ செல்வருக்குப் பெயர்கள். ஏழைகளுக்கு ஓர் எண், 591.

நிறுவனத்தைக் குறைசொல்லிவிட்டு நாம் தப்பிவிடவும் முடியாது. மூடுபனிக்காகவும் டால்பின் நோஸுக்காகவும் வட்டக்கானல் செல்பவர்களில் நாமும் உண்டு. அங்கே நமக்கு அறை பெருக்குபவர், தேநீர் தருபவர், சுமை தூக்குபவர் எல்லாரும் வாசலிலேயே இருக்கிறார்கள். பெயர் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு அந்தச் செல்வனே சாட்சி. அடுத்த முறை தேநீர் வாங்கும்போது, உங்கள் வீட்டில் யாராவது அந்த ஆலையில் வேலை பார்த்தார்களா என்று கேட்போம். கேட்டபின் பதில் முடியும்வரை அங்கேயே நிற்போம்.