தூணைப் பார்த்துத் திரும்பினால் போதுமா?

ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைக் காட்டி, “1856-ல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம்” என்று சொல்வதோடு பழம்பெருமை முடிந்துவிடுகிறது. நாமோ அங்கிருந்துதான் நடக்கத் தொடங்கினோம். கட்டுச்சோற்றுடன், பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி, திருவொற்றியூர் வழியே, கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம் வரை ஒரு பகல் நடை. வழியில் செருப்பு அறுந்தது வேறு கதை.

எண்ணூருக்குப் போகும் கால்வாய் 1806-ல் வெட்டப்பட்டது. பிறகு தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1877-78-ல், பசியால் வாடிய ஏழைகளைக் கொண்டே கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே வெட்டி இணைத்தார்கள். மண் கூடை எத்தனை கனம் என்று வயலில் மடை வெட்டும் தோழருக்குத் தெரியும். கஞ்சிக்காக மண் சுமந்தவர்களுக்கு ஒரு கல் கூட இல்லை. பெயரோ கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்கு!

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. அதுவும் இனிப் பழம்பெருமை ஆகிவிடும். ஆனால் ஆற்றின் கதை அப்படி முடியவில்லை. வடசென்னை மின் நிலையத்தின் குழாய்கள் கசிந்து கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து சேர்ந்தது. மீனவர்களே வாளியால் அள்ளினார்கள். சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவும் பெண்களின் பிழைப்பு என்ன ஆவது?

பழைய செங்கல்லைக் காப்பாற்றட்டும், நாம் வேண்டாம் என்னவில்லை. அதற்கு முன் கழிமுகத்துச் சாம்பலை முழுவதும் அள்ளட்டும். செலவு லாபம் கண்டவர் தலையில் விழட்டும். கால்வாய்க் கரையில், வெட்டியவர்கள் யாரென்று தமிழில் ஒரு கல் நடட்டும்.