மாஸ்டாவும் ஒரு வீண்பழியும்

ஜப்பானிய மோட்டார் கம்பெனிகளைப் பற்றிப் பேச்சு எழும்போது, டொயோட்டாவின் உழைப்பையும் ஹோண்டாவின் நுட்பத்தையும் தாராளமாக ஒப்புக்கொள்கிறவர்களே, ஹிரோஷிமாவைத் தாயகமாகக் கொண்ட மாஸ்டாவின் பெயர் வந்த மாத்திரத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஜெர்மானியர் கண்டுபிடித்த சுழல் எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கி, வறட்டுக் கௌரவத்துக்காக அதைக் கட்டிக்கொண்டு மாரடித்து, அதன் பெட்ரோல் பசிக்குத் தன் சம்பத்தையெல்லாம் இரையாக்கி, கடைசியில் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனி கைகொடுத்ததனால் மாத்திரமே பிழைத்த ஸ்தாபனம் அது என்பதே அந்தக் கதை. நம் சாலைகளில் ஓடிய சுவராஜ் மாஸ்டா வேன்களின் மூலம் மட்டுமே அந்தப் பெயரை அறிந்தவர்கள் இதை நம்பினால் அது குற்றமாகாது. மோட்டார் சரித்திரத்தை ஊன்றிப் படித்தவர்களும் இதையே திருப்பிச் சொல்வதுதான் எனக்கு வருத்தமாயிருக்கிறது. கதையின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், அதில் உண்மை எவ்வளவு, அபவாதம் எவ்வளவு என்பது விளங்கிவிடும்.

முதலாவது, இரவல் சரக்கு என்ற குற்றச்சாட்டு. ஃபெலிக்ஸ் வாங்கல் என்ற ஜெர்மானியர் கருத்தளவில் அமைத்து, என்.எஸ்.யூ. என்ற கம்பெனியின் துணையோடு 1957இல் ஓட்டிக் காட்டிய எஞ்சின் அது என்பதிலும், அதைச் செய்யும் உரிமையை டோயோ கோக்யோ என்று அப்போது வழங்கிவந்த மாஸ்டா விலைகொடுத்துப் பெற்றது என்பதிலும், அந்த ஒப்பந்தத்துக்கு 1961இல் ஜப்பானிய சர்க்காரின் அனுமதி கிடைத்தது என்பதிலும் எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் அவ்விலைக்குக் கைக்கு வந்த பொருள் எத்தகையது என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்? சாதாரண எஞ்சினில் பிஸ்டன் ஏறியிறங்கும் உருளை இருக்கும் இடத்தில், இதில் இடை சற்றே ஒடுங்கிய நீள்வட்டக் கூடு ஒன்றும், அதனுள் பக்கங்கள் புடைத்த முக்கோணச் சுழலி ஒன்றும் இருக்கின்றன. சுழலியின் மூன்று முனைகளும் கூட்டின் உட்சுவரை எப்போதும் தொட்டுக்கொண்டே சுற்றுவதால், முனைக்கு முனை அடைபட்ட அறைகளில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்பட்டு, நெருக்கப்பட்டு, எரிந்து, வெளியேறுகிறது. வால்வுகள் இல்லை, ஏறியிறங்கும் பாகமே இல்லை, ஆகையால் அதிர்வும் மிகக் குறைவு. காகிதத்தில் அது கண்ணைப் பறிக்கும் சித்திரம். ஓட்டிப் பார்த்தபோதோ, மெதுவாக ஓடும்போது வண்டியையே உலுக்கியது. எண்ணெய் உள்ளே கசிந்து வெண்புகையாக வெளிவந்தது. இவை இரண்டுக்கும் மேலாக, கூட்டின் உட்சுவர் கெட்டுப்போயிற்று.

அந்தக் கேட்டைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். சுவரின் உட்பக்கம் குரோமியம் பூசிக் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டது. சுழலியின் முனைகளில், கலவை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குக் கசியாதபடி பட்டையான சிறு சீல்கள் பொருத்தப்பட்டிருந்தன. பரீட்சைக்காகப் பல மணி நேரம் ஓட்டிவிட்டு எஞ்சினைப் பிரித்தால், அந்தப் பளபளப்பின்மேல் குறுக்கு வாட்டத்தில் வரிவரியாக அலைக்கோடுகள் விழுந்திருந்தன. விரலை வைத்தால் மேடும் பள்ளமும் தட்டுப்படும். 'பேயின் நகக்குறி' என்று அதற்கு மாஸ்டாவின் பொறியாளர்கள் பெயரிட்டார்கள். 1963இல் இதற்கென்றே தனி ஆராய்ச்சிப் பகுதி ஒன்று ஏற்பட்டு, கெனிச்சி யமமோட்டோ என்பவரின் தலைமையில் 47 பேர் அதில் அமர்த்தப்பட்டார்கள். யுத்தம் முடிந்த அடுத்த ஆண்டு, மூன்று சக்கர லாரிகளுக்குப் பற்சக்கரங்கள் செய்யும் தொழிலாளியாக அந்த ஆலையில் நுழைந்தவர் இந்த யமமோட்டோ. பிற்காலத்தில் அதே கம்பெனியின் தலைவர் பதவிக்கு உயர்ந்தவரும் இவரே.

அவர்கள் செய்தது என்ன? குறி விழுவது வெறும் தேய்மானத்தால் அன்று, சீல் தனக்கு இயல்பான ஓர் அதிர்வில் துடித்துத் துடித்துச் சுவரைக் கொத்துவதனால்தான் என்று முதலில் கண்டார்கள். அதன்பின், சீலினுள் குறுக்காகத் துளைகளிட்டு அந்த அதிர்வின் தன்மையையே மாற்றி, நகக்குறி விழாமல் நெடுநேரம் எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். விற்பனைக்கு ஏற்றவாறு செய்வதற்கு அந்த வழி கடினமாயிருக்கவே, கரியுடன் அலுமினியத்தைச் சேர்த்து, தானும் உடையாமல் சுவரையும் கீறாமல் வழுக்கிச் செல்லும் வேறொரு சீலை, கரிப்பொருள் தயாரிக்கும் ஒரு ஜப்பானிய நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள். எண்ணெய்க் கசிவுக்கும் தனிச் சீல்கள் அமைந்தன. மெதுவாக ஓடுகையில் ஏற்பட்ட உலுக்கலைத் தணிக்கக் காற்றுப் புகும் துளையைச் சுற்றுச் சுவரிலிருந்து பக்கச் சுவருக்கு மாற்றி, ஒன்றுக்கு இரண்டாகச் சுழலிகளை வைத்தார்கள். இவ்வளவும் ஆனபின்பே, 1967 மே 30ஆம் தேதி, காஸ்மோ ஸ்போர்ட் என்ற கார் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் 84 மணி நேரம் ஓயாது ஓடும் போட்டிக்கு இரண்டு காஸ்மோக்கள் அனுப்பப்பட்டன; ஒன்று முடிவை எட்டுந்தறுவாயில் நின்றுவிட, மற்றொன்று நான்காவதாக வந்தது.

இதே உரிமையைப் பெற்ற மற்றவர்களின் கதி என்ன ஆயிற்று என்று பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். எஞ்சினைப் பெற்றெடுத்த என்.எஸ்.யூ. கம்பெனியே அதே 1967இல் ஆர்.ஓ.80 என்ற அழகிய காரைக் கொண்டுவந்து, சீல்கள் பழுதாகிப் பழுதாகி எஞ்சின்களை மாற்றிக் கொடுத்தே நலிந்து, 1969இல் ஃபோக்ஸ்வேகனிடம் அடைக்கலம் புகுந்தது. டெய்ம்லர்-பென்ஸ் சோதனை வண்டிகளோடு நின்றுகொண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 5 கோடி டாலர் கொடுத்து உரிமை வாங்கியும், ஒரு காரைக்கூடக் கடைக்குக் கொண்டுவராமல் கைவிட்டது. பிரான்ஸின் சித்ரோயனோ தான் விற்ற வண்டிகளையே திரும்ப வாங்கி உடைக்கும் நிலைக்கு வந்தது. காப்பியடிப்பதனால் மட்டும் ஆகக்கூடிய காரியமாயிருந்தால், பணத்திலும் படிப்பிலும் மாஸ்டாவைவிடப் பன்மடங்கு பெரிய இந்த ஸ்தாபனங்களுக்கு அது கைகூடாமற் போனதேன்?

இரண்டாவது, கௌரவப் பித்து என்ற குற்றச்சாட்டு. இதைச் சொல்கிறவர்கள் 1960ஆம் ஆண்டின் ஜப்பானை மறந்து பேசுகிறார்கள். 1920இல் தக்கைப் பொருள்கள் செய்யும் கம்பெனியாகப் பிறந்து, மீனவக் குடும்பத்திலே தோன்றிக் கொல்லுப் பட்டறையிலே தொழில் பயின்ற ஜூஜிரோ மட்சுடாவின் கையில் வளர்ந்து, 1931இல் மூன்று சக்கர லாரி செய்யத் தொடங்கியது அந்த ஸ்தாபனம். 1945 ஆகஸ்டு 6ஆம் தேதி அணுகுண்டால் ஹிரோஷிமா நகரமே சாம்பலானபோது, ஹிஜியாமா என்ற சிறு குன்று இடையில் நின்று மறைத்தபடியால் ஃபுச்சூவிலிருந்த ஆலை பெருமளவு தப்பியது. மாகாண சர்க்கார் அலுவலகத்துக்கே அதன் கட்டடத்தில் இடங்கொடுத்துவிட்டு, அதே ஆண்டு டிசம்பரில் லாரி செய்யும் வேலையை அது மறுபடி தொடங்கியது. இத்தகைய ஸ்தாபனம் 1960இல்தான் தன் முதல் காராகிய ஆர்.360ஐ வெளியிட்டது. மறு ஆண்டே, அந்நியக் கார்களின் இறக்குமதிக்குக் கதவு திறக்கப்போகிறது, அதற்கு முன் நாட்டின் கார் கம்பெனிகளை மூன்றே தொகுதிகளாகத் திரட்டிவிட வேண்டும் என்ற யோசனையை டோக்கியோவின் வர்த்தக அமைச்சகம் வெளியிட்டது. தலைநகருக்கு வெகுதூரத்திலிருந்த ஒரு சிறு கம்பெனிக்கு இதன் பொருள் என்ன என்று ஜூஜிரோவின் மகன் ட்சுனெஜி மட்சுடாவுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேறெவரிடமும் இல்லாத ஒரு சாமர்த்தியம் தன் கையில் இருந்தாலன்றித் தன் கம்பெனி பெரியவற்றின் வயிற்றுக்குள் போய்விடும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு அவர் ஜெர்மனிக்குச் சென்றிருந்தார். அமைச்சகத்தின் யோசனை சட்டமாகவில்லை. ஆயினும் 1966இல் பிரின்ஸ் கம்பெனி நிசானோடு கலந்து மறைந்ததையும், ஹினோவும் டைஹாட்சுவும் டொயோட்டாவின் நிழலுக்குப் போனதையும் நாம் காண்கிறோம். மாஸ்டா தனித்து நின்றது. சுழல் எஞ்சின் ஒன்றே அதற்குக் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அன்றைய அபாயத்தை அறிந்து செய்த ஒரு தற்காப்பைப் பித்து என்று பெயரிடுவது அடாத பேச்சு.

மூன்றாவது குற்றச்சாட்டே எல்லாவற்றிலும் கனமானது: அந்த எஞ்சினின் பெட்ரோல் பசியே கம்பெனியைக் கவிழ்த்தது என்பது. பசி உண்மை. எரியும் அறை நீண்டு தட்டையாக அமைவதால் வெப்பத்தின் ஒரு பங்கு சுவர்களுக்கே போய்விடுகிறது. கலவையின் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுகிறது. அவ்வாறு எரியாமல் போவதை வெளியே ஒரு வெப்ப அறையில் எரித்துப் புகையைச் சுத்தமாக்கும் முறையை மாஸ்டா கையாண்டது. அந்த அறை அணையாமலிருக்கக் கலவையில் பெட்ரோலைச் சற்று மிகுதியாகவே சேர்க்க வேண்டியிருந்தது. ஆனால் இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் அசட்டையன்று, அமெரிக்காவின் சட்டம் என்பதை ஏன் மறைக்க வேண்டும்? 1970இல் வந்த காற்றுத் தூய்மைச் சட்டத்துக்கு அஞ்சி, இது நடவாத காரியம் என்று டெட்ராய்ட்டின் பெருங்கம்பெனிகள் முறையிட்டுக்கொண்டிருந்த சமயத்தில், நடக்கக்கூடியதே என்று காட்டிய முதல்வர்கள் ஹோண்டாவும் மாஸ்டாவுமே. 1973இன் இலையுதிர்காலத்தில் மேற்காசிய யுத்தம் மூண்டு எண்ணெய் விலை ஏறும் என்று எவர் கண்டார்? நகருக்குள் ஓட்டினால் ஒரு காலனுக்குப் பத்துப் பதினோரு மைல்தான் கிடைக்கும் என்று அமெரிக்க சர்க்கார் வெளியிட்ட கணக்கு ஊரெங்கும் பரவியது அப்போதுதான்.

வண்டிகள் விலைபோகவில்லை. அப்போதும் வீழ்ச்சியை ஆழமாக்கியது எஞ்சின் அன்று, நிர்வாகமே என்று நான் கருதுகிறேன். அக்கணக்கோடு வாதாடிக்கொண்டு, தேவை குன்றிய பின்னும் உற்பத்தியைக் குறைக்காமல், மைதானம் மைதானமாகக் கார்கள் தேங்கும்படி விட்டது அன்றைய தலைமை. கடன் கொடுத்திருந்த சுமிடோமோ வங்கி தன் ஆட்களை உள்ளே அனுப்பியதும், ஸ்தாபகர் குடும்பத்துத் தலைவரான கோஹெய் மட்சுடா 1977இல் பதவி துறந்ததும் இதன் விளைவுகளே. எஞ்சினே நோயாயிருந்தால் அதை வெட்டியெறிவதல்லவா வைத்தியமாக இருந்திருக்கும்? நடந்ததோ வேறு. பெட்ரோல் செலவை நூற்றுக்கு 40 பங்கு திருத்துவதென்று பொறியாளர்கள் சங்கற்பம் செய்துகொண்டு, அதை நிறைவேற்றியும் காட்டினார்கள். ஆலைத் தொழிலாளர்களில் ஆயிரக்கணக்கானோர், கூண்டோடு வேலையை விட்டு நீக்கப்படாமல், ஊர் ஊராக அனுப்பப்பட்டு, தாங்கள் செய்த கார்களைத் தாங்களே வாசல்தோறும் சென்று விற்றார்கள். எண்ணெய்க்கறை படிந்த கைகளுக்குப் பழக்கமில்லாத அந்தத் தொழிலை அவர்கள் ஏற்றுச் செய்ததை நான் படித்தபோது மனம் நெகிழ்ந்தேன். 1978இல் வந்த ஆர்.எக்ஸ்.7, அதே எஞ்சினைச் சுமந்துகொண்டே, மூன்று தலைமுறைகளில் 8 லட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. பிஸ்டன் எஞ்சின் கொண்ட ஃபெமிலியா 1980இல் ஜப்பானின் முதலாவது 'ஆண்டின் சிறந்த கார்' விருதைப் பெற்றது. இரண்டையும் செய்தது ஒரே ஆலைதான்.

ஃபோர்டு காப்பாற்றியது என்பதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை. 1979இல் ஃபோர்டு ஏறத்தாழக் கால்பங்கு உரிமையை வாங்கியபோது, ஆர்.எக்ஸ்.7 வெளிவந்து கம்பெனி தலையெடுத்துவிட்டிருந்தது. 1996இல் அந்தப் பங்கு மூன்றில் ஒன்றாக உயர்ந்து, ஹென்றி வாலஸ் என்ற வெளிநாட்டவர் தலைமைக்கு வந்தது மெய்யே. அந்தச் சமயம் கைகொடுத்த உதவியை மறுப்பது நன்றியாகாது. ஆனால் அந்த இரண்டாவது நெருக்கடி, பணம் மலிந்திருந்த காலத்தில் ஐந்து விதமான விற்பனைக் கடைவரிசைகளைத் திறந்து அகலக்கால் வைத்ததனால் வந்தது; சுழல் எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தம் மிகச் சொற்பம். மேலும் கொடுக்கல் ஒருபக்கமாக நிகழவில்லை: 1990களின் அமெரிக்க எஸ்கார்ட் மாஸ்டாவின் அடித்தளத்தின்மேல் எழுந்தது, ஃபோர்டு புரோப் மிஷிகனிலிருந்த மாஸ்டா ஆலையிலே செய்யப்பட்டது, பின்வந்த ஃபியூஷனும் மாஸ்டா 6இன் அடித்தளத்தையே தழுவியது.

கடைசியாக, 1991 ஜூனில் லெ மான்ஸ் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயம். நான்கு சுழலிகள் கொண்ட 787பி, 362 சுற்றுகள் ஓடி முதலாவதாக வந்து, அந்தப் போட்டியை வென்ற முதல் ஜப்பானிய வண்டியாயிற்று. டொயோட்டா அதே வெற்றியைப் பெற 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதை வெறும் அதிர்ஷ்டம் என்கிறார்கள். முன்னால் ஓடிய மெர்செடிஸ் பழுதாகி நின்றது என்பதும், எடை விதியில் மாஸ்டாவுக்குச் சலுகை கிடைத்ததால் மற்றவர்கள் 1,000 கிலோ சுமந்தபோது அது 830 கிலோவோடு ஓடியது என்பதும் உண்மைகளே. ஆனால் அது பெட்ரோல் அளந்து கொடுக்கப்பட்ட பந்தயம் என்பதைப் பழிகூறுவோர் சொல்வதில்லை. பெரும்பசி என்று இகழப்பட்ட எஞ்சின் தனக்களித்த பங்குக்குள்ளேயே முழுவேகத்தில் ஓட, ஏழு லிட்டருக்கும் மிகுந்த எஞ்சின் கொண்ட ஜாகுவார்கள் பெட்ரோலைச் சிக்கனம் செய்து பின்தங்கின. அபிமானிகள் பக்கத்திலும் ஒரு பொய் உலவுகிறது, அதையும் மறுத்தாக வேண்டும். வெற்றியைப் பொறுக்காமல் மறு ஆண்டே சுழல் எஞ்சினைத் தடைசெய்துவிட்டார்கள் என்பது அது. மூன்றரை லிட்டர் பிஸ்டன் எஞ்சின்களுக்கே இடமளித்த அந்தப் புதிய விதி, 55ஆம் எண் தாங்கிய அந்த 787பி முடிவுக்கோட்டைக் கடப்பதற்கு நெடுநாள் முன்பே எல்லாக் கம்பெனிகளுக்கும் அறிவிக்கப்பட்டிருந்தது. சுழல் எஞ்சினுக்கு அதுவே கடைசிச் சந்தர்ப்பம் என்று தெரிந்தேதான் மாஸ்டாவினர் அந்த ஆண்டு லெ மான்ஸுக்குச் சென்றார்கள்.