எர்த் ஒயரைக் கூட்டினால் கரண்டு கூடுமா?



நம்ம மணிமங்கலத்திலிருந்து ஒரகடம் வரை வண்டி வேலை பார்க்கிற இடங்களில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது: "ஹெட்லைட் டல்லா எரியுதா? செல்ஃப் எடுக்கலையா? ரெண்டு எர்த் ஒயர் எக்ஸ்ட்ரா போட்டுடலாம் சார்!" மைலேஜ் கூடும், பிக்கப் கூடும் என்ற வாக்குறுதி வேறு. இது உண்மைதானா? டிப்ளமோ படிக்கிற நாம்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

காரில் பேட்டரியின் நெகட்டிவ், பாடியோடும் என்ஜினோடும் இணைந்திருக்கிறது. போன கரண்டு திரும்பி வர அதுதான் பாதை. முதல் வருஷம் படித்த ஓம் விதியை இங்கே போட்டுப் பாருங்கள். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். எர்த் பாதையின் தடை 0.001 ஓம் என்றால் வீணாவது வெறும் 0.15 வோல்ட். அதே மாதிரி இன்னொரு ஒயரைப் பக்கத்தில் போட்டால் தடை பாதியாகும், மிச்சமாவது 0.075 வோல்ட். ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் நட்டு துருப்பிடித்துத் தடை 0.01 ஓம் ஆகிவிட்டால்? 1.5 வோல்ட் போச்சு! செல்ஃப் முனகத்தான் செய்யும். அப்போது புது ஒயர் போட்டால் வண்டி சரியானது போலத் தெரியும். நோய் மட்டும் உள்ளேயே இருக்கும். போட்டது மெல்லிய ஒயராக இருந்தால் செல்ஃபின் கரண்டில் பெரும்பகுதி அதன் வழியே பாய்ந்து சுடும், உருகவும் கூடும்.

நம்ம பக்கத்தில் இது விளையாட்டல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் தண்ணீரில் மிதந்தன. அப்படி முழுகிய வண்டியின் எர்த் பாயிண்டில் துரு உடனே தெரியாது. மாதங்கள் கழித்துத் தலைகாட்டும். அதை செகண்ட் ஹேண்டில் வாங்கி கால் டாக்ஸி ஓட்டுகிற ஒருவர், கிட்டுக்குக் காசு கொடுத்தும் நடுராத்திரியில் ரோட்டில் நின்றால் யார் பொறுப்பு?

இன்னொன்று. இப்போதைய பல கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலேயே சென்சார் இருக்கிறது. போகிற, வருகிற கரண்டை அது அளக்கிறது. அதைத் தாண்டி நேராக பேட்டரியில் ஒயர் மாட்டினால் கணக்கு தப்பும், சார்ஜிங் குழம்பும்.

அப்படியானால் என்ன செய்வது? மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை என்ஜின் பிளாக்கில், மறுமுனை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டில். கிளாம்பில் வைக்கக் கூடாது. ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது, கோளாறு வேறெங்கோ. அரை வோல்ட்டைத் தாண்டினால் நட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்குங்கள். ஸ்ட்ராப் இற்றுப்போயிருந்தால் அதே தடிமனில் புதுசு மாற்றுங்கள். பெரிய ஆம்ப்ளிஃபையர் போல கூடுதல் லோடு ஏற்றும்போது மட்டும் அதற்கென எர்த் ஒயர் போடுவது நியாயம்.

நண்பர்களே, ஒயர் விற்க யாராலும் முடியும். அளந்து பார்த்து, "உங்களுக்கு இது தேவையில்லை சார்" என்று சொல்லத்தான் படிப்பு வேண்டும். அந்தத் துணிச்சல் நமக்கு வரட்டும்!