யார் பெயரில் திறக்கிறது?

புது லேப்டாப் வாங்கிப் பதினைந்து நாளாகிறது. எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். திரை தெளிவு. எடை ஒன்றரைக் கிலோ, என் துணிப்பைக்குள் அடங்கிவிடுகிறது. தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக்கொண்டேன். இடக்கையில் உயிர், வலக்கையில் மெய், விரல் வலிக்கவில்லை. ஒரே குறை, முதன்முதலில் திறந்தபோது வரவேற்புத் திரையில் இருந்தது என் கணவரின் பெயர்.

பணம் என்னுடையது. பதினாறு மாதம் கட்டிய சீட்டு. செஞ்சியில் நான் கேட்ட மாடல் இல்லை என்று திண்டிவனம் வரை பஸ் ஏறிப் போய் வாங்கினேன். "எல்லாம் போட்டே தர்றோம் மேடம்" என்றான் கடைத் தம்பி. என் கைபேசி எண்ணைச் சொன்னேன். "சார் நம்பர் இருக்குல்ல மேடம், அதுலயே போட்டுடறேன், ஓடிபி வரும்" என்றான். சார் வெளியே டீக் குடித்துக்கொண்டிருந்தார். ஓடிபி வந்தது, உள்ளே வந்து படித்துச் சொன்னார். அவருக்கு அதில் தவறாக ஒன்றும் படவில்லை. எனக்கும் அப்போது படவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்பார்கள். லேப்டாப்பில் பெயர்தான் அதிகாரம். முதல் கணக்கு யாருடையதோ அவர்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். எதை நிறுவலாம், யாருக்குக் கணக்குத் தரலாம், யாருடையதை நீக்கலாம் என்பதெல்லாம் அவர் கையில். காசு கட்டியவள் விருந்தாளி.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, ஓசியில் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று பேசாத டீக்கடை இல்லை. பையில் முதல்வர் படம் எதற்கு என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆனால் இலவசத்தைக் கிண்டல் செய்தவர்கள் ஒன்றைப் பார்க்கவே இல்லை. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்த பெண்பிள்ளையின் கையில், அவள் பெயரில், ஒரு கணினியை அரசு கொடுத்தது. அப்பாவிடம் கொடுக்கவில்லை. ரேஷன் கார்டில்கூடக் குடும்பத் தலைவர் என்று ஒருவர் உண்டு. இதில் அவள் மட்டும்தான். பறித்தது வீடு. எங்கள் தெருவிலேயே ஒருத்தியின் லேப்டாப் அண்ணனோடு காலேஜுக்குப் போனது, அவள் கல்யாணமாகிப் போனாள்.

தேசியக் குடும்ப நல ஆய்வில் 'தானே பயன்படுத்தும் கைபேசி' இருக்கிறதா என்று பெண்களிடம் தனியாகக் கேட்கிறார்கள். வீட்டில் இருப்பது வேறு, அவளிடம் இருப்பது வேறு என்று கணக்கெடுப்பவர்களுக்கே தெரிந்திருக்கிறது. 2019–21 ஆய்வில் இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் நாடு முழுதும் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1. இந்த இடைவெளிக்குக் காரணம் பெண்களுக்கு ஆர்வமில்லாததுதான் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் லோயர், ஹையர் என்று வரிசையாகப் பாஸ் செய்தவர்கள் யார்? மெஷின் மட்டும் ஒருநாளும் அவர்களுடையதாக இருந்ததில்லை.

எங்கள் ஊர்க் கோட்டை 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வருகிறவர்கள் எல்லாரும் தேசிங்கு ராஜா கதையைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். 1714-இல் அவன் போரில் செத்தான், மனைவி உடன்கட்டை ஏறினாள், அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்பார்கள். ஓர் ஊரையே அவளுக்காகப் பெயரிட்டும், அதில் இருப்பது அவன் வழியாக வந்த பட்டம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இரண்டு மணி நேரம் ஆனது. "எதுக்கு இந்த வேலை? யார் பேர்ல இருந்தா என்ன, எல்லாம் ஒண்ணுதானே" என்றார்.

"ஒண்ணுதான்னா என் பேர்லயே இருக்கட்டுங்க" என்றேன்.

அவருக்கும் ஒரு கணக்கு திறந்து கொடுத்திருக்கிறேன், ஸ்டாண்டர்டு யூசராக. புதிதாக எதையாவது போட வேண்டுமென்றால் என்னைக் கேட்கிறார்.